மணற்காட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோன கதை

பிள்ளைகளோடு ஆவணி விடுமுறைக்கு எந்தக் கடற்கரைக்குப் போவது என்று மூன்று கிழமையாக வட்ஸ்அப்பில் என்னைப் பிய்த்தெடுக்கும் என் வகுப்புத் தோழர்களே, தோழிகளே, நான் பதில் போடாமல் இருந்ததற்கு நெட்வேர்க் கோளாறு என்று சொன்னது பொய். நெட்வேர்க் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் இல்லை. குரல்பதிவு போட்டால் பாதியில் பகிடி விட்டு மழுப்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் தேவைகள் எனக்குப் பாடம். ரொறன்ரோக்காரனின் பேரனுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் வரக்கூடாது. பாரிஸ்காரிக்கு இடம் பழைய கிராமம் மாதிரி இருக்கவேண்டும், கழிப்பறை மட்டும் பாரிஸ் மாதிரி இருக்கவேண்டும். நாற்பத்தைந்தில் கலியாணம் கட்டிய நம்முடைய வங்கிக்காரனின் இரட்டைப் பிள்ளைகளுக்கு நிழல் வேண்டும். ஊரில் மிச்சம் இருப்பவன் நான் ஒருவன். ஆகவே தெரிவுப் பொறுப்பு என் தலையில். கடைசியில் ஒருத்தி எங்கிருந்தோ ஒரு மணல்மேட்டுப் படத்தைப் போட்டாள். எல்லோரும் சிவப்பு இதயம் போட்டீர்கள். "மணற்காடு. முடிவு. நீ போய்ப் பாத்திட்டுச் சொல்லு."

அந்தச் செய்தி வந்தபோது நான் மருதனார்மடச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் கை ஆடின ஆட்டத்தைப் பார்த்துக் கத்தரிக்காய்க்காரி, "ஐயாவுக்குச் சீனியோ, பிறசரோ?" என்று விசாரித்தாள். ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளையை ஒரு மணல்மேட்டுப் படம் நடுங்க வைத்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். வகுப்பில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் அதுதானே. ஆனால் பெட்டி கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

எனக்கு ஒன்பது வயது, தங்கச்சிக்கு நான்கு. எங்களைப் போன்ற தோட்டக்கார வீடுகளில் விடுமுறைக்கு எங்கேனும் போவது என்ற பேச்சே கிடையாது. பள்ளிக்கூடம் விட்டால் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறவேண்டும், அவ்வளவுதான். அந்த வருடம் தங்கச்சிக்குச் சளி பிடித்து விடாமல் இழுத்தது. பரியாரியார் நாடி பார்த்துவிட்டு, "இரண்டு நாள் உப்புக்காத்துப் படட்டும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால் எங்கள் குடும்பம் வரலாற்றில் முதல்தடவையாகக் கடற்கரை தெரிவு செய்ய உட்கார்ந்தது.

உட்கார்ந்தவர்கள் மூவர். ஐயா, அம்மா, எங்களோடு இருந்த ஐயாவின் அக்கா. அவவை நாங்கள் மாமி என்போம். மாமி தலைமை தாங்கினா. யாரும் கேட்கவில்லை.

"கிட்டத்திலை கீரிமலைதானே," என்று தொடங்கினா அம்மா.

"அஸ்தி கரைக்கிற தண்ணியிலையோ வருத்தக்காரப் பிள்ளையைத் தோய்க்கப் போறாய்?" என்று வெட்டினா மாமி.

அதில் நியாயம் இருந்தது. கடல் எங்களுக்கு ஐந்து மைலில் இருந்தும், எங்கள் ஆட்கள் யாராவது செத்தால்தான் அதைப் போய்ப் பார்ப்பார்கள். அதுவரை நானும் கடலை இரண்டு தரம்தான் கண்டிருந்தேன். இரண்டு தரமும் பெரியவர்கள் மொட்டையடித்து அழுதுகொண்டு நின்றார்கள்.

"அப்ப காரைநகர்?"

"அங்கை வெள்ளைக்காரியள் அரைகுறையா மணலிலை கிடக்கினமாம். பொடியன் பாக்கப்போறான்."

நான் மனதுக்குள் காரைநகருக்கு வாக்களித்தேன். என் வாக்கை யாரும் எண்ணவில்லை.

"சாட்டி நல்லதாம், ஆழமில்லையாம்."

"கடலுக்கு நடுவாலை றோட்டிலை போகவேணும். உடைஞ்சால்?"

மாமி காணாத பாலமெல்லாம் அவவுக்கு உடைந்த பாலம்தான். இப்படி ஒரு பின்னேரத்தில் குடாநாட்டின் கரை முழுவதையும் மாமி தனியாளாக அழித்து முடித்தபிறகு, அதுவரை பேசாமல் இருந்த ஐயா சொன்னார்: "மணற்காட்டிலை எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார்."

அவர் ஒரு சம்மாட்டியார். படகும் கரைவலையும் சொந்தமாக வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் செய்பவர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். சுன்னாகம் சந்தைக்கு ஐயா வெங்காயம் கொண்டுபோவார், அவர் கருவாடு கொண்டுவருவார். ஒரே சாக்கில் இரண்டு பேரும் இருந்து, ஒரே நெருப்புக்குச்சியில் இரண்டு சுருட்டுப் பற்றவைப்பதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். ஐயா சிரிக்கக் கண்டது அந்தச் சாக்கில்தான். வீட்டில் அவருக்குச் சிரிக்கிற வழக்கம் இல்லை.

"அவையளின்ரை வீட்டிலையோ?" என்றா மாமி.

"வீட்டிலை இல்லை. கரையிலை அவற்றை வாடி இருக்கு. எங்களுக்கெண்டு புதுசா வேய்ஞ்சு தாறாராம்."

"தண்ணி?"

கேட்டது மாமிதான். சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையிருக்கவில்லை. நாங்கள் வெள்ளாளர், அவர்கள் கரையார்; அவர்கள் கிணற்றில் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. அவர் பிடித்த மீனைச் சாப்பிடலாம், அவர் தொட்ட கருவாட்டைப் பொரிக்கலாம், அவர் பற்றவைத்த நெருப்பைச் சுருட்டில் வாங்கலாம். தண்ணீர் மட்டும் கூடாது. அந்த மீன் அதுவரை எதற்குள் இருந்தது என்று கேட்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை. மாமியிடம் கேட்கிற துணிவு இப்போதும் இல்லை. அவ செத்து இருபது வருடம்.

"தண்ணி நாங்கள் கொண்டுபோவம்," என்றார் ஐயா.

இப்படித்தான் மணற்காடு தெரிவானது.

ஊரில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் காரில் போனோம். சாரதியும் எங்கள் ஊரவர்தான். அவரும் நம்முடைய தண்ணீர்தான் குடிப்பார் என்று மாமி முதலே விசாரித்துவிட்டா. இரண்டு பித்தளைக்குடம். சமையலுக்கு ஒன்று, குடிக்க ஒன்று. வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. மாமி ஒரு குடத்தையும் அம்மா ஒரு குடத்தையும் மடியில் வைத்துக்கொண்டார்கள். தங்கச்சி கீழே காலடியில் கிடந்தாள். நெல்லியடி தாண்டிக் கார் குழியில் விழுந்த ஒவ்வொரு தரமும் மாமியின் மடி நனைந்தது. பருத்தித்துறையும் தாண்டி மணற்காட்டில் இறங்கியபோது எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே கடலில் இறங்கிவிட்டவர் அவ ஒருவர்தான்.

கரையில் தொழிலாளர் தங்குகிற ஓலைக்கொட்டில்தான் வாடி. அது புதுக் கிடுகு மணத்தது. உள்ளே புதுப் பாய். வாசலில் குங்குமம் மாதிரிச் சிவந்த ஒரு புது மண்பானை, மூடியோடு. பக்கத்தில் புது வாளி, இன்னும் விறைப்பு மாறாத புதுக் கயிறு. "கிணறு அந்தா இருக்கு. நீங்களே அள்ளுங்கோ. எங்கடை ஆக்கள் ஒருத்தரும் கிட்ட வராயினம். வாளியும் கயிறும் ஒருத்தரும் தொடாதது," என்றார் சம்மாட்டியார். பெரிய மனிதர், காற்றுக்கு மேலால் கத்திப் பழகிய குரல். அப்போதுதான் சாரதி காரிலிருந்து பித்தளைக்குடங்களை இறக்கினார்.

சம்மாட்டியார் குடங்களைப் பார்த்தார். ஐயா கடலைப் பார்த்தார்.

"ஓ, கொண்டந்திட்டியளோ," என்றார் சம்மாட்டியார். குனிந்து அந்த மண்பானையைத் தூக்கினார். "இது வெயிலுக்கு வெடிச்சுப்போகும். நான் உள்ளை வைக்கிறன்." அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மணலில் நடந்து போனார். அன்று நான் அந்தக் காரணத்தை நம்பினேன். ஐயாவும் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் கிணறு சுண்ணாம்புக்கல் கிணறு. காய்ச்சினால் கேத்தலின் அடியில் வெள்ளை பிடிக்கும். மணற்காட்டில் மழைத்தண்ணீர் மணலுக்குள் தங்கி, வடிந்து, இளநீர் மாதிரி நிற்கும். பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறோம் என்று நினைத்துக்கொண்டு, கெட்ட தண்ணீரைச் சுமந்து நல்ல தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துக் காவல் காத்தவர்கள் நாங்கள். குளிக்க அந்தக் கிணறு ஆகும். கால் கழுவ ஆகும். வாய் கொப்பளிக்கலாமா என்பதில் அம்மாவுக்கும் மாமிக்கும் கருத்து வேற்றுமை இருந்தது.

முதல்நாள் நல்ல நாள். அதை மறைக்கமாட்டேன். சம்மாட்டியாருக்கு ஒரு மகள், என்னைவிட இரண்டு வயது கூட. முன்பல் ஒன்று பாதி உடைந்தவள். என்னைக் கண்டவுடன், "தோட்டக்காரா, உனக்கு நீந்தத் தெரியுமோ?" என்றாள். தெரியாது என்றேன். "அப்ப என்னத்துக்கு வந்தனீ?" என்றாள். நண்டுப் பொந்துக்குள் உலர்ந்த மணலைச் சொரிந்து, அந்த வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தோண்டிப்போய் நண்டைப் பிடிக்கப் பழக்கினாள். மணல்மேட்டின் உச்சியிலிருந்து பழைய லொறிச் சக்கரத்தின் கறுப்பு டியூபில் ஏறி இருந்து சறுக்கினோம். என் சப்பாத்து ஒன்று மணலுக்குள் போனது. அது இன்னும் அங்கேதான் இருக்கும். தங்கச்சி அன்று இருமவில்லை. மாமிகூட ஒருமுறை காலை நனைத்தா.

இரண்டாம் நாள் காலை கரைவலை இழுப்பதைப் பார்க்க ஐயாவும் சாரதியும் சம்மாட்டியாரோடு போனார்கள். அம்மாவும் மாமியும் தங்கச்சியைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குப் போனார்கள். சமையல் குடம் முதல்நாளே முடிந்துவிட்டது. குடிக்கிற குடம் மட்டும் வாடிக்குள் இருந்தது. "ஒருத்தரும் கிட்ட வராமல் பாத்துக்கொள்," என்று மாமி என்னைக் காவலுக்கு விட்டா.

காவல்காரன் ஐந்து நிமிடத்தில் கடலுக்குப் போனான். கணுக்காலளவு தண்ணீர்தான். அப்போது எதுவோ என் காலைச் சுற்றிப் பிடித்தது. வழுவழுவென்று, குளிராக, இறுக்கமாக. முதல்நாள்தான் சம்மாட்டியார் கடற்சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டால் உடம்பு எரியும், சில பேருக்கு மூச்சு அடைக்கும் என்று சொல்லியிருந்தார். எனக்கு உடனே எரிந்தது. மூச்சும் அடைத்தது. நான் கத்திய கத்தலுக்குக் காகங்கள் எழும்பின. மணலில் நாலு காலால் ஏறி வாடிக்குள் விழுந்து, துணியைப் பிய்த்தெறிந்து, குடத்தைச் சரித்துக் காலில் ஊற்றினேன். ஊற்றினேன், ஊற்றினேன். செத்தபிறகு என்னைக் கீரிமலைக்குத்தான் கொண்டுபோவார்கள், காரைநகரைக் காணாமலே போகப்போகிறேன் என்று அழுதது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் சம்மாட்டியாரின் மகள். குனிந்து என் காலில் இருந்ததை இரண்டு விரலால் எடுத்தாள். ஒரு முழ நீளப் பச்சை.

"சாதாளையடா," என்றாள். கடற்பாசி. கரையெல்லாம் ஒதுங்கிக் கிடக்கிற, மாடுகூடத் திரும்பிப் பார்க்காத கடற்பாசி.

பிறகு சிரித்தாள். அந்த உடைந்த பல் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சாதாளையைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நான் கத்திய மாதிரியே கத்திக் காட்டினாள். அப்படியே என் குரல். பிற்காலத்தில் உங்கள் எல்லோருடைய குரலிலும் பேசிக் காட்டி உங்களை அழ வைத்தவன் நான். அந்த வித்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். அன்று எனக்கு அது வித்தையாகத் தெரியவில்லை. அவள் சாகவேண்டும் என்றிருந்தது.

மாமி வந்து குடத்தைத் தூக்கினா. பாரம் குறைந்திருந்தது. துணி மணலில் கிடந்தது.

"ஆர் இதைத் தொட்டது?"

முதலில் பேசியது என் வாய் இல்லை, என் விரல். அது வாசலில் நின்றவளைக் காட்டியது. விரல் சொன்னதை வாய் முடித்து வைத்தது. "உவள்தான். துணியை அவிட்டுக் கைவிட்டு அள்ளிக் குடிச்சவள்."

அவள் சிரிப்பு நின்றது. "பொய். நான் தொடேல்லை," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் ஏன் ஊற்றினேன் என்று அவள் சொல்லவில்லை. அந்தப் பகிடியை எனக்காக ஒளித்தாளா, அல்லது சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று அந்த வயதிலேயே தெரிந்து வைத்திருந்தாளா, தெரியாது.

குடத்தில் காற்பங்குக்குக் கிட்டத் தண்ணீர் மிச்சம் இருந்தது. பின்னேரம் ஊருக்குப் போகும்வரை தாராளமாகக் காணும். மாமி அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், எல்லோருக்கும் தெரியும்படி, மணலில் கவிழ்த்தா. கணக்குப் பார்த்தால் நான் கொட்டியதும் மாமி கொட்டியதும் சரிக்குச் சரி. பிறகு மணல் போட்டுக் குடத்தைத் தேய்க்கத் தொடங்கினா. உள்ளே, வெளியே, கழுத்து, விளிம்பு. பித்தளையில் மணல் உரசுகிற சத்தம் கரை முழுக்கக் கேட்டது. வலை இழுத்த ஆட்கள் இழுப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

சம்மாட்டியார் வந்தார். பின்னால் ஐயா வந்தார். மாமி இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தா.

சம்மாட்டியார் மகளிடம் கேட்கவில்லை. என் முன்னால் குந்தி இருந்தார். அவருடைய கையில் வலைக்கயிறு ஒரு துண்டு இருந்தது, ஈரம் சொட்டியது. "தம்பி," என்றார், "நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?"

ஒன்பது வயதுப் பொடியனை அந்தப் பெரிய மனிதர் 'நீங்கள்' என்றார். அவர் கண்கள் என்னிடம் எதையோ கேட்டன. இல்லை என்று சொல்லு என்று கேட்டன. இப்போது அப்படித்தான் எனக்குத் தெரிகிறது.

"ஓம்," என்றேன்.

அவர் எழும்பி மகளை அடித்தார். முதுகில், அந்த ஈரக்கயிற்றால். அவள் அழவில்லை, ஒவ்வொரு அடிக்கும் மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். அந்தச் சத்தம் விக்கல் மாதிரி இருந்தது. நான்காவது அடிக்குப் பிறகு ஐயா சொன்னார்: "சின்னப்பிள்ளைதானே, விடுங்கோ."

அது பெருந்தன்மை என்று ஐயா சாகும்வரை நம்பினார். அந்த வார்த்தையால்தான் குற்றம் அவள் தலையில் நிரந்தரமாக இறங்கியது என்பதை அவர் காணவில்லை. அடித்தால் சிநேகிதம் மிஞ்சும் என்று சம்மாட்டியார் நினைத்தார். மன்னித்தால் மிஞ்சும் என்று ஐயா நினைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கால் காய்ந்து சுகமாக நின்றேன்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. வெயில் ஏறியது. தங்கச்சி தண்ணீர் கேட்டு அழத் தொடங்கினாள். இருபது அடியில் கிணறு. "போகேக்கை நெல்லியடியிலை சோடா வாங்கித் தாறன்," என்றா மாமி. சாரதி காரைக் கிளப்பினார், அது கிளம்பவில்லை. முன்சில்லு மணலில் புதைந்திருந்தது. தங்கச்சியின் அழுகை மெல்லியதாகிக்கொண்டு வந்தது. அம்மா கிணற்றைப் பார்த்தா, மாமியைப் பார்த்தா, கடைசியில் தன் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டா.

"இளநி குடிப்பியளோ?" என்று தூரத்தில் நின்றபடி கேட்டார் சம்மாட்டியார். மாமி யோசித்தா. இளநீர் ஆகும். அதற்குள் யாரும் கைவிட முடியாது.

மணற்காட்டில் தென்னை குறைவு. அரை மைலுக்கு அப்பால் ஒரு வளவில் இருந்தது. எடுத்துவரச் சம்மாட்டியார் அனுப்பியது மகளைத்தான். அடி வாங்கி ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது. கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு ஓடிப்போய், ஐந்து இளநீரை ஓலைப்பையில் போட்டு முதுகில் சுமந்து கொண்டுவந்தாள். வேறெங்கும் சுமந்திருக்கலாம். தலையில் சுமந்திருக்கலாம். முதுகில் சுமந்தாள். அடிபட்ட கோடுகளில் சட்டை ஒட்டியிருந்தது. சம்மாட்டியார் கத்தியை எடுத்தார். "கத்தி எங்களிட்டை இருக்கு," என்றா மாமி. சாரதி வெட்டினார்.

தங்கச்சி குடித்தாள். பிறகு நானும் குடித்தேன். இனிப்பாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இருக்கவில்லை. தப்பிவிட்டேன் என்ற சந்தோசம்தான் இருந்தது.

வலை இழுத்தவர்கள் வந்து காரைத் தள்ளிவிட்டார்கள். புறப்படும்போது சம்மாட்டியார் பெரிய பாரை மீன் ஒன்றைப் பனையோலையில் சுற்றிக் காருக்குள் வைத்தார். அம்மா வீட்டில் அதைக் குழம்பு வைத்தா. ஒருவரும் மிச்சம் விடவில்லை.

அதன்பிறகு சுன்னாகம் சந்தையில் அவர்கள் ஒரே சாக்கில் இருக்கவில்லை. "நான் கிட்டப் போனால் அவருக்கு வெக்கமாயிருக்கும், பாவம்," என்றார் ஐயா. ஐயா கிட்ட வராததைக் கண்டு, அவருக்குக் கோபம் ஆறவில்லை என்று சம்மாட்டியார் நினைத்தார். ஐயா சுருட்டையும் விட்டுவிட்டார். நெஞ்சுக்குக் கூடாதாம் என்றார். நாங்கள் நம்பினோம்.

போன செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிளில் மணற்காட்டுக்குப் போனேன். இடையில் யுத்தம் போய், கடலும் ஒருமுறை ஊருக்குள் வந்து போன இடம். யாரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள் என்று ஒரு மனம் ஆசைப்பட்டது. அந்த ஆசைக்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே யோசியுங்கள். சம்மாட்டியார் வீடு எது என்று கேட்டேன். முதல் ஆளே காட்டிவிட்டான்.

முற்றத்தில் ஒரு பெண் வலை விரித்துக் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அந்தப் பல்லைக் கண்டேன். வழி முழுக்கப் பாடமாக்கிய பேச்சு என் வாயில் இருந்து பாதிதான் வந்தது. ஊரைச் சொன்னேன், ஐயாவைச் சொன்னேன், குடத்தைச் சொன்னேன். "அந்தத் தண்ணியைக் கொட்டினது நான்தான்," என்றேன்.

"தெரியும்," என்றாள். "அடி வாங்கினது நான். கொட்டினது ஆரெண்டு எனக்குத் தெரியாதோ?"

"மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"கேளுங்கோ."

கேட்டேன். அவள் இன்னும் நான்கு கருவாட்டைப் பிரட்டினாள். "சரி. கேட்டாச்சு. தாறனெண்டு நான் சொல்லேல்லை," என்றாள். பிறகு, "இதுக்கே மெனக்கெட்டு வந்தனீங்கள்? அதுக்குப் பிறகு எங்களுக்கு எவ்வளவோ வந்து போட்டுது," என்றாள்.

"சம்மாட்டியார் இருக்கிறாரோ? அவரிட்டையும் சொல்லிப்போட்டுப் போறன்."

கையில் இருந்த கருவாட்டைப் போட்டுவிட்டு என் பக்கம் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அதை மட்டும் செய்யாதேங்கோ."

"உண்மையைத்தானே..."

"நீங்கள் போன பிறகு எங்கடை ஐயா சாப்பிடேல்லை. ஒவ்வொரு நாளும் வந்து கேப்பார், மெய்யாத் தொட்டனியோ பிள்ளை எண்டு. நான் இல்லையெண்டன். ஒரு கிழமை இல்லையெண்டன். அவர் காய்ஞ்சுகொண்டு போறார். எட்டாம் நாள், ஓம் ஐயா, தொட்டனான் எண்டு சொன்னன். அண்டைக்குத்தான் சோறு திண்டவர். அதுக்கு முந்தியும் என்னை அடிச்சதில்லை, பிந்தியும் இல்லை. சும்மா அடிச்சனெண்டு இந்த வயசிலை தெரிஞ்சால், அதை அவர் எங்கை கொண்டுபோய் வைப்பார்?" பிறகு சொன்னாள்: "உங்களுக்குப் பாரமெண்டால் நீங்கள் சுமவுங்கோ. இஞ்சை இறக்காதேங்கோ."

சம்மாட்டியார் பின்பக்கம் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். கண் இரண்டும் வெளுத்துவிட்டது. யார் என்று சொன்னதும் கையை நீட்டித் தடவி என் முழங்கையைப் பிடித்தார். "அவற்றை மோனோ நீங்கள்? ஐயா சுகமோ?"

"செத்துப்போனார்."

"சுகமாய்ப் போனவரோ?"

"ஓம்."

பிடித்த முழங்கையை அவர் விடவில்லை. "தம்பி, அண்டைக்கு எங்கடை பிள்ளையாலை உங்களுக்குக் குடிக்கத் தண்ணியில்லாமல் போச்சு. அந்தக் குழந்தைப்பிள்ளை அழுதது இன்னும் எனக்குக் கேக்குது. ஐயா அதோடை என்னோடை கதைக்கேல்லை. அது அவற்றை பிழையில்லை. அவர் இல்லை, நீங்கள் இருக்கிறியள். நீங்கள் மன்னிச்சமெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் எனக்குக் காணும்."

கதவடியில் அவள் நின்றாள். கையெல்லாம் செதில். என்னை விட்டுக் கண் எடுக்கவில்லை.

பகிடிக்காரனுக்கு எந்த நேரத்திலும் ஒரு பகிடி வரும் என்பார்கள். வரவில்லை.

"மன்னிச்சம்," என்றேன்.

கிழவர் என் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "தம்பிக்குக் கடையிலை ஒரு சோடா வாங்கிக் குடு. மூடி திறக்காமல் குடு, பிள்ளை."

"எனக்குச் சோடா வேண்டாம். கிணத்துத் தண்ணி தாங்கோ," என்றேன்.

அவர் முகம் பயந்தது. கயிறு பிடித்த அந்தக் கையை முன்னே நீட்டி மறித்தார். "வேண்டாம் தம்பி, வேண்டாம். திரும்பவும் ஒண்டு நடக்க வேண்டாம்," என்றார். மூடி திறக்காத சோடாவை அவருக்கு முன்னால் இருந்து குடித்து முடித்தேன். அவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

படலை வரைக்கும் அவள் வந்தாள். "உங்கடை மன்னிப்பு நாளைக்கு விடியுமட்டும்தான் நிக்கும்," என்றாள். "அவருக்கு இப்ப ஒண்டும் ஞாபகம் நிக்கிறேல்லை, இது ஒண்டைத் தவிர. உங்கடை பக்கத்து ஆக்கள் ஆர் வந்தாலும் கேப்பார். போன மாதம் பள்ளிக்கூடப் பிள்ளையள் பஸ்ஸிலை வந்ததுகள். அதுகளிட்டையும் கேட்டவர். அதுகள் சிரிச்சுப்போட்டுப் போட்டுதுகள்."

ஆகவே தோழர்களே, தெரிவு மணற்காடுதான். கரையில் முழங்காலளவு தண்ணீர்தான் நிற்கிறது, ரொறன்ரோப் பேரன் தாராளமாக இறங்கலாம். சவுக்கு மரங்களுக்குக் கீழ் நிழல் இருக்கிறது. கழிப்பறை பாரிஸ் அளவுக்கு இல்லை, ஆனால் கதவு பூட்டும். தண்ணீர்ப் போத்தல் எதுவும் காரில் ஏற்றவேண்டாம். படலையில் வைத்து அவளிடம் கேட்டுவிட்டேன்; காசுக்குச் சமைத்துத் தருவாள், கிணற்றில் அள்ளித் தருவாள், பிள்ளைகளுக்கும் அதையே கொடுங்கள். மனம் ஒப்பாதவர்கள் காரைநகருக்குப் போகலாம்.

பின்பக்கம் கதிரையில் இருக்கிற கிழவர் உங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எந்த ஊர் என்று கேட்பார். சொன்னவுடன் கையைப் பிடித்துக்கொள்வார். ஏன், எதற்கு என்று விசாரிக்காதீர்கள். நான் இதில் எழுதியதில் ஒரு சொல்லும் அவர் காதில் விழக்கூடாது. உங்கள் பிள்ளைகளிடம் முதலே சொல்லி வையுங்கள், சிரிக்கக்கூடாது என்று. அவர் கேட்பதைக் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போங்கள். மறுநாளும் கேட்பார். மறுநாளும் கொடுங்கள்.